பிப்ரவரியில் நான்கு வண்டிகளில் மெக்சிகோ: திட்டம் சரியா, பார்த்துச் சொல்லுங்கள்

நெய்தல்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சான் டியேகோ பக்கம் இருக்கும் நான்கு குடும்பங்கள் சேர்ந்து வரும் பிப்ரவரியில் வண்டியிலேயே மெக்சிகோ போய்வரலாம் என்று இருக்கிறோம். பெரியவர்கள் ஒன்பது பேர், பிள்ளைகள் ஐந்து பேர். கடைசிப் பிள்ளைக்கு ஆறு வயது. வண்டிகள்: ஒரு ஃபோர்ரன்னர், ஒரு அவுட்பேக், ஒரு ஒடிசி மினிவேன், அப்புறம் நண்பரின் டீசல் பிக்கப்.

கையில் 16 நாள் இருக்கிறது. டிஹுவானாவில் நுழைந்து பாஹா தீபகற்பம் முழுக்க இறங்கி லா பாஸ். அங்கிருந்து வண்டிகளோடு கப்பல் ஏறி மசாட்லான். பிறகு குவாதலஹாரா, குவானஹுவாட்டோ, மெக்சிகோ சிட்டி, ஓஹாக்கா. திரும்பும்போது வடக்கே ஏறி லரேடோ வழியாக டெக்சாஸ், அப்படியே வீடு. போனால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்துவிட வேண்டும் என்பது குழுவில் எல்லோருக்கும் ஆசை.

இது நடக்குமா? காகிதங்கள் என்னென்ன வேண்டும்? எங்களில் இரண்டு பேருக்குக் கடவுச்சீட்டில் எச்1பி (அமெரிக்க வேலை விசா) முத்திரை காலாவதியாகிவிட்டது. மூன்று பேர் சுத்த சைவம். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

---

பாலைவழி எழுதியது:

தம்பி, முதலில் தூரத்தைக் கூட்டிப் பார்ப்போம். மற்றதெல்லாம் அப்புறம்.

டிஹுவானாவிலிருந்து லா பாஸ் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். மசாட்லானிலிருந்து மெக்சிகோ சிட்டி 1,000-க்கு மேல். அங்கிருந்து ஓஹாக்கா 460. ஓஹாக்காவிலிருந்து லரேடோ 1,600 பக்கம். லரேடோவிலிருந்து உங்கள் வீடு இன்னும் 2,000. ஆக 6,500 கிலோமீட்டருக்குக் குறையாது, கப்பலில் போகும் ஒரு ராத்திரி தனி. 16 நாளிலும் ஒரு நாள்கூட நிற்காமல் ஓட்டினாலே தினம் 400-க்கு மேல் வருகிறது. பாஹாவின் ஒன்றாம் எண் சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டர் சராசரி கிடைத்தால் நல்ல நாள். ஐந்து பிள்ளைகளோடு போனால் ஒன்றுக்குப் போக, வாந்தி எடுக்க, பசிக்க என்று நிறுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு வண்டிகள் என்பதால் அந்த நிறுத்தங்களும் நான்கு மடங்கு ஆகும்.

இதைவிடப் பெரிய தடை இருட்டு. மெக்சிகோவில் ஊருக்கு வெளியே ராத்திரி ஓட்டக் கூடாது. கொள்ளைக்காரன் பயத்தில்தான் இதைச் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், பாஹாவில் முக்கியக் காரணம் மாடு. அங்கே வேலி கிடையாது. குளிர்காலத்தில் சூரியன் இறங்கிய பிறகும் தார்ச்சாலை சூடாக இருக்கும், கறுப்பு மாடுகள் அதன்மேல் வந்து நிற்கும், சில சமயம் படுத்தும் கிடக்கும். சாலையிலோ பல இடங்களில் ஓரமே இருக்காது. வெள்ளைக் கோடு முடியும் இடத்தில் தார் முடிந்து, ஒரு முழம் கீழே மண். எதிரே அகலமான லாரி வரும்போது கண்ணாடியும் கண்ணாடியும் உரசாமல் போவதே பகலில் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. பிப்ரவரியில் வெளிச்சம் பதினோரு மணி நேரம்தான். அதில் கடைசி இரண்டு மணி நேரத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

அதனால் என் கருத்து இது: உள்நாட்டை விட்டுவிடுங்கள். பாஹா மட்டும் போங்கள். அதிலும் லா பாஸ் வரை போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதற்கு முன்னாலேயே வரும் லொரேட்டோ ஊர் வரை போய்த் திரும்பினாலே 16 நாளும் நிறைவாக இருக்கும்.

---

வடக்குவாசல் எழுதியது:

பாலைவழி அண்ணா சொன்ன கணக்கு சரி. ஆனால் உள்நாட்டை அப்படியே ஒதுக்கிவிட மனம் வரவில்லை. நான் டெக்சாஸ்காரன், எங்களுக்கு வாசலே அதுதான்.

பாஹா இயற்கைக்கு அழகு, சந்தேகமில்லை. ஆனால் மெக்சிகோவின் பழைய ஊர்கள், சந்தைகள், மலைமேல் கட்டிய நகரங்கள் எல்லாம் உள்நாட்டில்தானே இருக்கின்றன? லரேடோ பக்கம் நுழைவதாக இருந்தால் ஊருக்கு நடுவே உள்ள பாலங்களை விட்டுவிட்டு, மேற்கே தள்ளியிருக்கும் கொலம்பியா பாலத்தைப் பிடிக்க வேண்டும். அது நேராக நூவோ லியோன் மாநிலத்தில் இறக்கிவிடும், டமாலிபாஸ் மண்ணை மிதிக்காமலே மான்டெரே போய்விடலாம். பிறகு சால்டில்லோ, அங்கிருந்து 57-ஆம் எண் சாலையில் மடேவாலா, சான் லூயிஸ் பொட்டோசி, கெரேடாரோ.

மடேவாலா பக்கம் பிரிந்து ரியல் டி காட்டோர்சே போய்ப் பாருங்கள். 2,700 மீட்டர் உயரத்தில் ஒரு பழைய வெள்ளிச் சுரங்க ஊர். கல் பாவிய சாலையில் ஏறிப் போனால் ஊருக்குள் நுழைய ஒரே ஒரு சுரங்கப்பாதை, 2.3 கிலோமீட்டர் நீளம். ஒரு வண்டி அகலம்தான், அதனால் இந்தப் பக்கம் வண்டிகளை நிறுத்திவிட்டு அந்தப் பக்க வண்டிகளை விடுவார்கள். மலையின் வயிற்றுக்குள் போய் மறுபக்கம் வெளியே வந்ததும் ஊர் கண்முன் நிற்கும். அந்த நிமிடத்துக்காகவே மறுபடி போகலாம்.

சுங்கச் சாலைகள் நன்றாக இருக்கின்றன. ‘க்வோட்டா’ என்று பலகை இருந்தால் கட்டணச் சாலை, ‘லிப்ரே’ என்றால் இலவசம். க்வோட்டாவிலேயே போங்கள். கட்டணம் கொஞ்சம் உறைக்கும், ஆனால் ஊருக்கு ஊர் வரும் வேகத்தடைகளிலிருந்து தப்பலாம். அந்தத் தடைகளுக்குப் பல இடங்களில் பலகையும் இருக்காது, வண்ணமும் இருக்காது. ஒடிசியின் அடிவயிறு தாங்காது.

சான் டியேகோவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இது ஒத்துவராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்று டெக்சாஸ் வரை வந்து உள்நாடு, இல்லையென்றால் பாஹா. இரண்டையும் சேர்க்காதீர்கள்.

---

நெய்தல்வாசி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. குழுவில் ஓஹாக்காவைப் பிடித்துக்கொண்டிருக்கும் நண்பரிடம் பேசினேன். ஒரு சமரசம்: பாஹா இறங்கி, லா பாஸில் கப்பல் ஏறி, மசாட்லானிலிருந்து கடலோரமாகவே வடக்கே சினலோவா, சொனோரா வழியாக அரிசோனா வந்துவிட்டால் என்ன? ஒரு வட்டம் முடிந்த மாதிரி இருக்கும் அல்லவா?

---

தாமரைக்குளம் எழுதியது:

தம்பி, வரைபடத்தில் வட்டம் அழகாகத்தான் தெரியும். ஆனால் அந்த வழி சினலோவாவை நெடுக வெட்டிக்கொண்டு போகிறது, குலியகான் ஊரைத் தொட்டுக்கொண்டு. 2024 செப்டம்பரிலிருந்து அங்கே போதைக் கும்பலுக்குள்ளேயே இரண்டு பிரிவுகள் மோதிக்கொண்டிருக்கின்றன. நெடுஞ்சாலையில் வண்டிகளை மறித்துப் பறிப்பதும் கொளுத்துவதும் நடந்திருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை ‘போகாதீர்கள்’ என்று வைத்திருக்கும் மாநிலங்களில் சினலோவாவும் ஒன்று. கொலிமா, கெரேரோ, மிச்சோவகான், டமாலிபாஸ், சகாடெகாஸ் மற்றவை.

அங்கே லட்சக்கணக்கான பேர் வாழ்கிறார்கள், தினமும் வேலைக்குப் போய்வருகிறார்கள். அந்த மக்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வெளிநாட்டு எண் பலகையோடு நான்கு வண்டிகள் வரிசையாக அந்த வழியில் போக வேண்டிய தேவை என்ன? போன வழியிலேயே திரும்பி வருவதில் ஒரு குறையும் இல்லை. பாஹா சாலை தெற்கே போகும்போது ஒரு முகம் காட்டும், வடக்கே வரும்போது வேறு முகம் காட்டும்.

இன்னொன்று, கப்பல் ஏறாவிட்டால் உங்களுக்குக் காகித வேலை பாதியாகக் குறையும். பாஹா முழுவதும் தாராள மண்டலம், வண்டிக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதி தேவையில்லை. உள்நாட்டுக்குப் போனால் பான்ஹெர்சிட்டோ வங்கியில் ஒவ்வொரு வண்டிக்கும் அந்த அனுமதி எடுக்க வேண்டும். 2007 அல்லது அதற்குப் பிந்தைய வண்டி என்றால் 400 டாலர் முன்பணம் கட்டிவைக்க வேண்டும். வெளியேறும்போது மறக்காமல் அனுமதியை ரத்து செய்தால்தான் பணம் திரும்ப வரும். ஒருவர் பேரில் ஒரு வண்டிதான். வண்டிக்காரர் பாதியில் விமானம் ஏறி வீட்டுக்குப் போய்விட்டால், வண்டியை மற்ற நண்பர்கள் ஓட்டிவருவது சிக்கல். குழுவாகப் போகிறவர்கள் இந்தக் கடைசி விஷயத்தை நினைத்துப் பார்ப்பதே இல்லை. யாருக்காவது அலுவலகத்தில் அவசரம் என்று அழைப்பு வந்தால் அப்போதுதான் தெரியும்.

---

ஆவணப்பெட்டி எழுதியது:

விசா பற்றி நான் சொல்கிறேன். அவசரத்தில் தாண்டிப் போகாமல் நிதானமாகப் படியுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் மெக்சிகோவுக்குள் போக மெக்சிகோ விசா வேண்டும். ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ பச்சை அட்டையோ இருந்தால் அது தேவையில்லை. முத்திரை காலாவதியான உங்கள் இரண்டு நண்பர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். ‘30 நாளுக்குள் மெக்சிகோ போய்வந்தால் பழைய முத்திரையே போதும்’ என்று நம் ஆட்கள் சொல்லிக்கொள்வது அமெரிக்காவுக்குத் திரும்பி நுழைவதற்கான விதி. செல்லுபடியாகும் ஐ-94 (அமெரிக்க நுழைவுப் பதிவு) இருந்து, அங்கே புது விசாவுக்கு விண்ணப்பிக்காமல் இருந்தால் அது பொருந்தும். மெக்சிகோவுக்குள் நுழைவதற்கு அது உதவாது. ஐ-797 ஒப்புதல் தாளை அங்கே விசாவாக ஏற்க மாட்டார்கள். இருவரும் இப்போதே மெக்சிகோ துணைத் தூதரகத்தில் விசாவுக்கு நேரம் வாங்கட்டும். அப்படியே தங்கள் நிலைமைக்குத் திரும்பி வரும் விதி பொருந்துகிறதா என்று குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். கிளம்பும் வாரத்தில் தூதரகப் பக்கத்தை மறுபடி பாருங்கள், விதிகள் மாறக்கூடியவை.

எல்லையில் இன்னொரு சங்கதி. பாஹாவுக்குள் வண்டியில் நுழையும்போது யாரும் உங்களை நிறுத்திக் கடவுச்சீட்டு கேட்கவில்லை என்றாலும் நீங்களாகவே வண்டியை ஓரங்கட்டி, குடிவரவு அலுவலகத்துக்கு நடந்து போய் நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தது, நேராகப் போய்விட்டோம் என்றால், உள்ளே சோதனைச் சாவடியில் கேட்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. ஏழு நாளுக்கு மேல் தங்கினால் கட்டணம் உண்டு. பதினான்கு பேருக்கும் வாங்க நேரம் ஆகும், காலையிலேயே போய்விடுங்கள்.

வண்டிப் பதிவு மூலப்பத்திரம், ஓட்டுநர் உரிமம், வண்டிக்குக் கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரின் அனுமதிக் கடிதம், இவை ஒரு கோப்பில். மெக்சிகோ காப்பீடு தனியாக வாங்க வேண்டும், அமெரிக்கக் காப்பீட்டை அங்கே ஏற்க மாட்டார்கள். சட்ட உதவியும் ஜாமீனும் சேர்ந்த திட்டமாக எடுங்கள். விபத்து நடந்தால் பொறுப்பு யாருடையது என்று தீரும்வரை ஓட்டியவரை நிறுத்திவைக்க அங்கே போலீசுக்கு அதிகாரம் உண்டு. இடத்திலிருந்தே காப்பீட்டுக்காரரை அழைக்க வேண்டும், அவர்களுடைய ஆள் நேரில் வந்து பார்ப்பார். வீட்டுக்கு வந்து விண்ணப்பித்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவந்தால் பணம் வராது.

துப்பாக்கி மட்டுமில்லை, இருக்கைக்கு அடியில் ஒரு தோட்டா கிடந்தாலும் சிறைக்குப் போகும் குற்றம். பழைய பிக்கப் என்றால் நன்றாகத் துழாவிப் பாருங்கள். சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரையும் அங்கே தடை, மருந்துப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

---

இயந்திரக்கை எழுதியது:

அந்த டீசல் பிக்கப் எந்த வருடம்? 2007-க்குப் பிந்தையது என்றால் கந்தகம் மிகக் குறைந்த டீசல்தான் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் புகைவடிகட்டி அடைத்துக்கொள்ளும். எல்லைப் பகுதியிலும் பெரிய நகரங்களிலும் அது கிடைக்கும். உள்ளே போகப் போக அந்த உறுதி குறையும். உங்களுக்குப் பெட்ரோல் வண்டி வேறு இருந்தால் அதையே எடுத்துப் போங்கள்.

பெட்ரோலில் பச்சைக் குழாய் மாக்னா 87, சிவப்பு பிரீமியம். கறுப்புக் குழாய் டீசல். ஆள்தான் ஊற்றுவார், இறங்கி நின்று மீட்டர் சுழியத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். ஐந்து பத்து பெசோ கொடுப்பது வழக்கம்.

எல் ரொசாரியோவில் தொட்டியை நிரப்பாமல் கிளம்பவே கூடாது. அங்கிருந்து குவெரேரோ நேக்ரோ வரை 350 கிலோமீட்டருக்கு மேல் பம்ப் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நடுவே கட்டவீன்யாவில் சாலையோரம் பீப்பாயிலிருந்து வாளியில் ஊற்றி விற்பார்கள், விலை கூடுதல், அவசரத்துக்கு மட்டும். ஒடிசியும் அவுட்பேக்கும் ஒரு தொட்டியில் தாராளமாகத் தாண்டும்.

டயரில் கவனம் வையுங்கள். முழு அளவு உதிரிச் சக்கரம் இல்லாத வண்டிக்கு ஒன்று தேடி வாங்குங்கள். ஒடிசியோடு வரும் சின்னச் சக்கரத்தை வைத்துக்கொண்டு அந்தச் சாலையில் 150 கிலோமீட்டர் ஓட்ட முடியாது. பஞ்சர் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு, பழைய டயரைச் சாலையோரம் நட்டு ‘யாந்தேரா’ என்று எழுதிவைத்திருப்பார்கள். கை தேர்ந்தவர்கள், விலையும் குறைவு. கடற்கரை மணலில் இறங்குமுன் டயர்க் காற்றை 20 பிஎஸ்ஐ-க்குக் குறையுங்கள். திரும்ப ஏற்ற ஒரு காற்றடிப்பான் குழுவுக்குப் போதும்.

---

மேகமலை எழுதியது:

ராணுவச் சாவடி பற்றி யாராவது சொல்லுங்களேன். துப்பாக்கியோடு நிற்பார்கள் என்று கேள்விப்பட்டேன். பிள்ளைகள் பயந்துவிட மாட்டார்களா?

---

பாலைவழி எழுதியது:

நிற்பார்கள், ஆனால் மரியாதையாக நடத்துவார்கள். பெரும்பாலும் இருபது வயதுப் பையன்கள், ஊரைவிட்டு வந்து பாலைவனத்தில் காவல் நிற்கிறவர்கள். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், ஜன்னலை முழுக்க இறக்குங்கள். பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னால் பெரியவர் ஒருவர் இறங்கிப் பக்கத்திலேயே நிற்கட்டும். பணம் எதுவும் கொடுக்க வேண்டாம், அவர்கள் கேட்பதும் இல்லை. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் கையசைத்துவிட்டு வருவார்கள்.

மாநில எல்லை 28-ஆம் அட்சக்கோடு, குவெரேரோ நேக்ரோவுக்குச் சற்று முன்னால். அங்கே ஒரு பெரிய கழுகுச் சின்னம் இருக்கிறது. பூச்சிமருந்தை வண்டியின் அடியில் தெளித்துச் சின்னக் கட்டணம் வாங்குவார்கள், எலுமிச்சை, ஆரஞ்சு இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். குளிர்காலத்தில் அந்தக் கோட்டைத் தாண்டினால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும். படகுச் சவாரிக்கு முன்பதிவு செய்தவர்கள் இதை மனதில் வையுங்கள்.

இப்போது குழு பற்றிச் சொல்கிறேன். நான்கு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போக வேண்டாம். பின்னால் வருகிறவருக்கு முன்வண்டியைத் தவறவிடக் கூடாது என்ற பதற்றம் வந்துவிடும். அவர் லாரியை முந்தக் கூடாத வளைவில் முந்துவார். காலையில் இரண்டு சந்திப்பு இடங்களைச் சொல்லிவிட்டு அவரவர் வேகத்தில் போகட்டும். ‘எல் ரொசாரியோ பம்ப், பதினொரு மணி. கட்டவீன்யா, இரண்டு மணி.’ அவ்வளவுதான். கடைசியில் வரும் வண்டியில் கருவிப்பெட்டியும் வண்டி வேலை தெரிந்தவரும் இருக்க வேண்டும், யார் நின்றாலும் அவர் கண்ணில் பட்டே தீரும்.

---

வடக்குவாசல் எழுதியது:

இதில் எனக்கு மாற்றுக் கருத்து அண்ணா. கைபேசிக்கு சிக்னலே இல்லாத இடத்தில் வண்டிகளைப் பிரித்து விடுவதா? வாக்கிடாக்கி கேட்கும் தூரத்தில் எல்லோரும் இருப்பதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

---

பாலைவழி எழுதியது:

வாக்கிடாக்கி வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் மேடு பள்ளத்தில் அது இரண்டு மூன்று கிலோமீட்டர் கேட்டாலே அதிகம். அந்தத் தூரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றால், எதிரே லாரிகள் வரும் சாலையில் நான்கு வண்டிகள் ஒரு சங்கிலி ஆகிவிடும். உள்ளூர்க்காரர்கள் நம்மை முந்த நான்கையும் ஒரே மூச்சில் தாண்ட வேண்டும், அவர்களுக்கும் ஆபத்து. வேண்டுமானால் இரண்டு இரண்டாகப் போங்கள், நடுவே பத்து நிமிட இடைவெளியோடு. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி முன்வண்டியில் ஒன்று, கடைசி வண்டியில் ஒன்று. சந்திப்பு இடத்தில் அரை மணி தாமதித்தால் ஒரு வண்டி மட்டும் திரும்பிப் போய்ப் பார்க்கும், மற்றவர்கள் அசையக் கூடாது. இந்த விதியைக் கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

முன்னால் போகும் லாரி இடது விளக்கைப் போட்டால் ‘வழி காலி, முந்திக்கொள்’ என்று பொருள். அவர் இடதுபக்கம் திரும்பப் போகிறார் என்றாலும் அதே விளக்குதான். அதனால் விளக்கை நம்பாதீர்கள், உங்கள் கண்ணுக்குச் சாலை காலியாகத் தெரிந்தால் மட்டும் முந்துங்கள்.

வண்டி நின்றுபோனால் 078. சுற்றுலாத் துறையின் ‘ஆங்ஹெலெஸ் வெர்தெஸ்’ பச்சை வண்டிகள் வரும், 1960-லிருந்து இருக்கும் சேவை. உழைப்புக்குக் காசு கிடையாது, உதிரிப்பாகத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும். மற்ற அவசரத்துக்கு 911.

---

தாமரைக்குளம் எழுதியது:

பணத்தைப் பற்றியும் பேசிவிடுங்கள். நான்கு குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு பணப்பை, ஒருவர் பொறுப்பு, பெட்ரோல் தவிர மற்ற எல்லாம் அதிலிருந்து. கடற்கரையில் கூடாரத்துக்குக் காசு வசூலிக்க மாலையில் ஒருவர் வருவார், அவருக்கு அட்டை எந்திரம் எல்லாம் இருக்காது. வங்கிக்குள் இருக்கும் எந்திரத்தில் பெசோவாகவே எடுங்கள், டாலரில் மாற்றித் தரவா என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். குவெரேரோ நேக்ரோவில் எடுத்துவைத்துக்கொண்டால் அடுத்த சில நாளுக்குக் கவலை இல்லை.

குடிநீருக்கு 20 லிட்டர் குடுவை வாங்குங்கள், ஊருக்கு ஊர் சுத்திகரித்த நீர் நிரப்பும் கடை உண்டு.

---

புளிக்கரைசல் எழுதியது:

சைவக்காரர்கள் மூன்று பேர் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மெக்சிகோவில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, கேட்டுச் சாப்பிடத் தெரிந்தால் போதும். மசித்த பயறு சைவம் மாதிரியே இருக்கும், பல கடைகளில் பன்றிக் கொழுப்பில் தாளித்திருப்பார்கள். சிவப்புச் சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கும். ‘சின் மன்டேக்கா, சின் கால்டோ டெ போயோ’ என்று ஒரு தாளில் எழுதிவைத்துக் காட்டுங்கள், முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்கள். கள்ளி மடலை வதக்கி, சுடச்சுடச் சோள ரொட்டியில் வைத்து, பச்சைத் தக்காளிச் சட்னி ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள். பூசணிப்பூ வைத்த கேசதியாவும் அப்படித்தான்.

கூடாரத்தில் சமைக்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் சுலபம். மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். அரிசி, மசூர்ப் பருப்பு, தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி, பச்சை மிளகாய், தேங்காய், ஏன், புளியே அங்கே கிடைக்கும். குக்கரும் சாம்பார்ப் பொடியும் பெருங்காயமும் மட்டும் வீட்டிலிருந்து போதும். சான் கின்டின் ஊர்க் கடைகளில் காய்கறி வாங்கிவிடுங்கள், அதற்குத் தெற்கே இவ்வளவு வகை கிடைக்காது. எலுமிச்சை மட்டும் மாநில எல்லையைத் தாண்டிய பிறகு வாங்குங்கள்.

---

நெய்தல்வாசி எழுதியது:

எல்லாவற்றையும் குழுவில் உட்கார்ந்து படித்தோம். பாஹா மட்டும் என்று பெரும்பாலும் ஒத்துக்கொண்டாகிவிட்டது. ஓஹாக்கா நண்பர் மட்டும் ஒரு கேள்வி கேட்கிறார்: பாலைவனத்தில் 16 நாள் போய் என்ன பார்ப்பது? அவரைச் சம்மதிக்கவைக்க ஏதாவது சொல்லுங்கள்.

---

பாலைவழி எழுதியது:

அவரிடம் திமிங்கலத்தைச் சொல்லுங்கள்.

சாம்பல் திமிங்கலங்கள் அலாஸ்காவுக்கு அப்பாலிருந்து எண்ணாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீந்தி, குளிர்காலத்தில் பாஹாவின் மேற்குக் கரைக் காயல்களுக்கு வருகின்றன. அங்கேதான் குட்டி போடுகின்றன. 1850-களில் திமிங்கல வேட்டைக் கப்பல்கள் இதே காயல்களுக்குள் புகுந்து தாயையும் குட்டியையும் கொன்று குவித்தன. தாய்கள் குட்டியைக் காக்கப் படகுகளை உடைத்தெறிந்ததால் வேட்டைக்காரர்கள் இவற்றுக்குப் பேய்மீன் என்று பெயர் வைத்தார்கள். சான் இக்னாசியோ காயல் மீனவர்களும் நெடுங்காலம் அவற்றைக் கண்டால் ஒதுங்கியே போனார்கள். 1972-இல் பச்சிகோ மயொரால் என்ற மீனவரின் படகுக்குப் பக்கத்தில் ஒரு திமிங்கலம் வந்து நின்று விலகாமல் இருந்தது. அவர் கையை நீட்டித் தொட்டார். அன்று தொடங்கிய உறவு இன்றுவரை இருக்கிறது.

2000-இல் அந்தக் காயலோரம் பெரிய உப்பளம் அமைக்கும் திட்டத்தை மெக்சிகோ அரசு கைவிட்டது. இன்று உரிமம் பெற்ற சின்னப் படகுகள்தான் போகலாம், ஒரே நேரத்தில் எத்தனை என்பதற்கும் வரம்பு உண்டு. படகு அதைத் துரத்தக் கூடாது. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் காத்திருப்பார்கள், அதற்கு இஷ்டம் இருந்தால் அதுவே வரும். முதலில் மூச்சுச் சத்தம் கேட்கும், உப்புத் தூறல் முகத்தில் படும், அதில் மீன் வாடை இருக்கும். பிறகு படகுக்கு அடியில் தண்ணீர் நிறம் மாறும், படகைவிட நீளமான ஒன்று சாய்ந்து படுத்து ஒரு கண்ணால் மேலே பார்க்கும். தாய் குட்டியை முதுகால் தூக்கிப் படகுப் பக்கம் தள்ளிவிடுவதும் உண்டு. குட்டியின் தோல் ஈர ரப்பர் மாதிரி வழுவழுப்பாக இருக்கும், தாயின் மேல் சிப்பிகள் ஒட்டிச் சொரசொரவென்று இருக்கும். உங்கள் ஆறு வயதுப் பிள்ளை அதை ஆயுசுக்கும் மறக்காது.

பிப்ரவரி அதற்கு மிகச் சரியான மாதம். ஒரே நாள் என்று வைக்காதீர்கள், காற்று அதிகமானால் படகு கிளம்பாது. இரண்டு காலை வையுங்கள்.

அதோடு முடியவில்லை. கட்டவீன்யாவில் வீட்டளவு உருண்டைப் பாறைகளுக்கு நடுவே சிரியோ மரங்கள், தலைகீழாக நட்ட கேரட் போல. சான் இக்னாசியோ ஊரே பேரீச்சந்தோப்பு, நடுவே 1786-இல் கட்டி முடித்த கல் தேவாலயம். சான்டா ரொசாலியா 1880-களில் பிரெஞ்சுச் செம்புச் சுரங்க நிறுவனம் கட்டிய மரவீட்டு ஊர், அங்கே இரும்பில் ஒரு தேவாலயம். முலெஹேக்குத் தெற்கே பாஹியா கொன்செப்சியோன் விரிகுடாவில் சாண்டிஸ்பாக், எல் ரெகேசோன் கடற்கரைகள். அங்கே தண்ணீர் முட்டளவு ஆழத்தில் வெகுதூரம் தெளிவாக நிற்கும், பிள்ளைகளை விட்டுவிட்டு நிம்மதியாக உட்காரலாம். அங்கே மூன்று ராத்திரி தங்குங்கள். எங்குமே ஓட்டாத நாள் ஒன்று வந்தால்தான் நான்கு குடும்பம் சேர்ந்து போனதற்கே அர்த்தம்.

---

தாமரைக்குளம் எழுதியது:

ஓஹாக்கா நண்பருக்குப் பழைமையில் ஆர்வம் என்றால் சான் பிரான்சிஸ்கோ மலைத்தொடரின் குகை ஓவியங்களையும் சொல்லுங்கள். ஆளுயரத்துக்கு மேல் மனிதர்களும் மான்களும் தீட்டியிருக்கிறார்கள். 1993-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. சான் இக்னாசியோவில் உள்ள தொல்லியல் அலுவலகத்தில் பதிந்து, வழிகாட்டியோடுதான் போக வேண்டும்.

---

நெய்தல்வாசி எழுதியது:

சம்மதித்துவிட்டார்! குகை ஓவியம் என்றதும் முகமே மாறிவிட்டது. உள்நாடு அடுத்த வருடம், வடக்குவாசல் அண்ணா சொன்ன கொலம்பியா பாலம் வழியாக.

இப்போதைய திட்டம்: டெக்காட்டேயில் நுழைந்து முதல் ராத்திரி சான் கின்டின். அடுத்து கட்டவீன்யா. பிறகு குவெரேரோ நேக்ரோ. சான் இக்னாசியோவில் நான்கு ராத்திரி, காயலும் குகையும். கொன்செப்சியோனில் மூன்று. லொரேட்டோவில் இரண்டு, அங்கிருந்து மலைமேல் சான் ஹவியர் தேவாலயம். மீதி திரும்பி வர. டீசல் பிக்கப் வரவில்லை, அவர் மனைவியின் ராவ்4 வருகிறது. எச்1பி நண்பர்கள் இருவரும் தூதரகத்தில் நேரம் வாங்கிவிட்டார்கள்.

கடைசிக் கேள்வி. திரும்பும்போது என்செனாடா வழியாகவே வரலாமா, இல்லை ஐந்தாம் எண் சாலையில் சான் ஃபெலிப்பே போய் மெக்சிகாலி வழியாகவா?

---

பாலைவழி எழுதியது:

ஐந்தாம் எண் சாலையில் வாருங்கள். முன்பு அதில் ஒரு பகுதி கரடுமுரடாக இருந்தது, இப்போது முழுக்கத் தார் போட்டாகிவிட்டது, ஒடிசி தாராளமாக வரும். கிழக்குக் கடலை ஒட்டியே வரும், சான் கின்டின் பள்ளத்தாக்கின் லாரி நெரிசலும் இருக்காது. குவெரேரோ நேக்ரோவில் தொட்டியை நிரப்பிவிடுங்கள், சான் ஃபெலிப்பேக்கு 400 கிலோமீட்டர் பக்கம் வரும். நடுவே கொன்சாகா விரிகுடாவில் பம்ப் இருக்கிறது, ஆனால் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம். பிள்ளைகள் இருப்பதால் கொன்சாகாவிலேயே ஒரு ராத்திரி நிறுத்திக்கொண்டால் நல்லது. கடைசி ராத்திரி சான் ஃபெலிப்பே. அங்கிருந்து காலையில் கிளம்பினால் 190 கிலோமீட்டரில் மெக்சிகாலி எல்லை.

எல்லைக்கு முன்பே பழம், காய், இறைச்சி எல்லாவற்றையும் தீர்த்துவிடுங்கள். ஞாயிறு மாலை வரிசை நீளமாக இருக்கும், சனிக்கிழமையே தாண்டுகிற மாதிரி நாளை மாற்றிப் போடுங்கள். காயல் படகுக்கு இந்த வாரமே எழுதிப் பதிவு செய்துவிடுங்கள், பதினான்கு பேருக்கு இரண்டு படகு வேண்டியிருக்கும்.

---

நெய்தல்வாசி எழுதியது:

இரண்டு காலைக்கும் இரண்டிரண்டு படகு கேட்டு எழுதிவிட்டேன் அண்ணா. பதில் வந்ததும் தேதிகளை இங்கே போடுகிறேன்.